வெட்டிப்போட்ட இருமல்கள்

அத்தியாயம் பதினேழு

ஹெட்போன் உடைந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. வீட்டில் யாரும் புதிது வாங்கவில்லை.

வாங்கினால் பழையது எப்படி உடைந்தது என்ற பேச்சு வரும். சட்டப் புத்தகத்தின் பத்தொன்பதாம் பாடத்தில், ஒரே வரியை ஐந்தாவது தடவை வாசிக்கும்போதும் இருமல் வந்து, அப்பா ஹெட்போனைக் கழற்றி மேசையில் அறைந்துவிட்டு எழுந்து போனதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். முப்பத்தோரு வருஷ வாசிப்பில் அவர் ஒரு பேனா மூடியைக்கூட உடைத்தவரில்லை.

அப்பாவின் தொழில் வாசிப்பது. பார்வை இல்லாதவர்களுக்கான ஒலிநூலகம் ஒன்று புத்தகங்களை அனுப்பும். அவர் வீட்டின் பின்னறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வரிவரியாக வாசிப்பார். மகளின் தொழில் வெட்டுவது. நாக்குத் தடுமாற்றம், நாற்காலி முனகல், தெருவில் போகும் லாரி, இருமல், தும்மல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்துவிட்டுச் சுத்தமான குரலை மட்டும் நூலகத்துக்கு அனுப்புவாள். அம்மா திரைச்சீலை தைப்பவள். பின்னறைச் சுவரில் தெருச் சத்தத்தைத் தடுக்கத் தொங்கும் கனத்த திரைகள் அவள் தைத்தவை. ஆக, அந்த அறையில் மூன்று பேரின் உழைப்பும் இருந்தது. பதினோரு நாளாக மூன்று பேரின் ஜலதோஷமும் இருந்தது.

முதலில் அம்மாவுக்குப் பிடித்தது. பிறகு மகளுக்கு. கடைசியில் அப்பாவுக்கு. அம்மாவும் மகளும் மூக்கைச் சிந்தி, இருமி, ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். அப்பாவுக்கு மூக்கு காய்ந்துவிட்டது. இருமல் மட்டும் போகவில்லை. சளி இல்லாத, வெறும் காற்றைத் துப்புகிற வறட்டு இருமல்.

"இன்னைக்கு நீங்க வாயத் திறந்தீங்க, நான் வீட்ட விட்டுப் போயிடுவேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் அம்மா.

அப்பா வாசிப்புக்கு அடையாளம் வைக்கும் சிவப்புப் பென்சிலை எடுத்து, பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார்.

'எங்கே போவாய்? முகவரி கொடுத்துவிட்டுப் போ.'

"கொழுப்பு குறையல பாரு" என்று அம்மா சீட்டைக் கசக்கினாள். ஆனால் சிரித்தாள். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

சிரிப்பு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவள் ஒரு அகலப் பாத்திரத்தில் ஆவி பறக்க வெந்நீர் கொண்டுபோய்ப் பின்னறையில், மைக்குக்குக் கீழே வைத்தாள்.

மகள் அலறிக்கொண்டு ஓடினாள். "அம்மா! அங்க வைக்காதே! ஈரம் பட்டா மைக் போயிடும்!"

"உங்கப்பா தொண்டை வறண்டு கெடக்கு."

"அதுக்கு? அந்த மைக்க நாங்க எப்படி வெச்சிருக்கோம் தெரியுமா? பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சற பொட்டலம் போட்டு வெச்சிருக்கோம். ஒவ்வொரு நாளும் வாசிக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஏசி போட்டு ரூமையே காய வைக்கறோம்."

"நல்லா காய வைங்க. மைக்குக்கு இருக்கிற மரியாத மனுஷன் தொண்டைக்கு இல்ல."

மகள் பாத்திரத்தைத் தூக்கிக் கூடத்தில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கை தட்டிவிடாத தூரத்தில்.

அவளுக்கு வேலை குவிந்து கிடந்தது. சட்டப் புத்தகத்தில் பத்தொன்பது பாடம் ஒருவழியாக முடிந்து இரண்டு பாக்கி. இந்த வாரத்துக்குள் வராவிட்டால் மிச்சத்தை இயந்திரக் குரலிடம் கொடுத்துவிடுவோம் என்று நூலகத்திலிருந்து போன வாரம் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதம் வந்த அன்றுதான் ஹெட்போன் உடைந்தது.

ஹெட்போன் இல்லாததால் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு வெட்ட உட்கார்ந்தாள்.

அவள் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. வெட்டியதை அழிக்க மாட்டாள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெருமூச்சோடு சேர்த்து 'இல்லை' என்ற சொல்லையும் வெட்டிவிட்டாள். ஒரு மருந்துக் குறிப்பின் பொருளே தலைகீழாகப் போய், அப்பா அந்தப் பாடத்தை மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'குப்பை' என்று ஒரு கோப்பு. வெட்டும் துண்டெல்லாம் தேதியோடு அதில் போய் விழும். அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. குப்பையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

மேசையில் அப்பா பக்கம் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் பதிவு நின்றுவிடும். மறுபடி அமுக்கினால் தொடரும். முன்பெல்லாம் அப்பா அடிக்கடி அதை அமுக்கி நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். பதிவு துண்டு துண்டாக வரும். ஒட்டி ஒட்டி அவளுக்குக் கண் பூத்துவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டாள். "நீங்க பாட்டுக்கு நிறுத்தாம வாசிங்கப்பா. எது வந்தாலும் நான் வெட்டிக்கறேன்." அன்றிலிருந்து அவர் பட்டனைத் தொடவில்லை. இப்போது அதன் மேல் தூசி படிந்திருந்தது. அவள் சுண்டுவிரலால் துடைத்துவிட்டாள்.

பத்தொன்பதாம் பாடத்தின் ஒரு வரியில், வெட்டிய துண்டோடு ஒரு சொல்லும் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தது. அதற்காகத்தான் குப்பையைத் திறந்தாள்.

இருநூற்றுப் பதினெட்டுத் துண்டுகள்.

பத்தொன்பது பாடத்துக்கு அது அதிகம். வழக்கமாக ஒரு முழுப் புத்தகத்துக்கே அறுபது, எழுபதைத் தாண்டாது. ஜலதோஷத்தால் வந்த வினை என்று நினைத்தாள். தேதியைப் பார்த்தாள். ஜலதோஷம் வந்து பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் விழுந்தவை தொண்ணூறு. மிச்சம் நூற்று இருபத்தெட்டு அதற்கு முந்தியவை.

நாற்காலி முனகலாக இருக்கும். லாரியாக இருக்கும்.

முதல் துண்டை ஓட்டினாள். ஸ்பீக்கரில் அப்பா இருமினார். சின்ன, வறண்ட, ஒற்றை இருமல். ஒன்பது வாரத்துக்கு முந்தையது. இந்தப் புத்தகத்தை ஆரம்பித்த நாள்.

இரண்டாவதை ஓட்டினாள். இருமல். மூன்றாவது இருமல். நான்காவது லாரி. ஐந்தாவது இருமல்.

எல்லாவற்றையும் வரிசையாக ஓட விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா இருமினார், இருமினார், இருமிக்கொண்டே இருந்தார். இத்தனையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வெட்டியவள் அவள்தான். ஒவ்வொன்றாகக் கேட்டபோது ஒன்றும் தெரியவில்லை. ஒரு இருமல், ஒரு வெட்டு, அடுத்த வரி.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா பாதி உரித்த பீன்ஸோடு வாசலில் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னடி இது? அவர் எனக்கு எதிர்ல உக்காந்து பீன்ஸ் நார் எடுக்கறாரு. உள்ளேர்ந்து அவர் இருமற சத்தம் வருது."

"பழசும்மா."

"எவ்வளவு பழசு?"

"ஒம்பது வாரம்."

அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. "அப்ப நமக்கு ஜலதோஷமே வரலையே."

அப்பா கூடத்திலேயே இருந்தார். ஸ்பீக்கர் சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. இருவரும் எதிரில் வந்து நின்றதும் பென்சிலை எடுத்தார்.

'தூசி. திரையைத் துவைத்து ஒரு வருஷம் ஆகிறது.'

"என் திரை மேல பழியப் போடாதீங்க" என்றாள் அம்மா. "போன மாசம்தான் தொவைச்சேன். பாப்பா, நீ மருந்துக் கடைக்குப் போய் அரைமாத்திரைகிட்ட கேட்டுட்டு வா. அவருக்குக் குடுத்த இருமல் மருந்து பாட்டில் ரெண்டையும் எடுத்துக்கோ. ரெண்டுக்குமே இருமல் கேக்கல."

மகளுக்கு முப்பது வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

தெருமுனை மருந்துக் கடை அக்காவுக்கு அரைமாத்திரை என்ற பெயர் சும்மா வரவில்லை. யார் எந்த மாத்திரை கேட்டாலும், "இப்பவே முழுசு எதுக்கு?" என்று ஆரம்பிப்பாள். விற்கிறவள் இப்படி இருந்தால் கடை எப்படி ஓடும் என்று தெருவே சிரிக்கும். ஆனால் அந்தக் கடைக்குத்தான் போகும்.

அக்கா இரண்டு பாட்டிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டையும் சேத்தா குடுத்தீங்க?"

"ஒண்ணு அம்மா வாங்கினது. ஒண்ணு நான் வாங்கினது."

"ஒண்ண எங்கிட்ட வாங்கிட்டு இன்னொண்ண எவன்கிட்டயோ வாங்கியிருக்கீங்க. பேருதான் வேற. உள்ள இருக்கறது ஒரே சரக்கு. ரெண்டு மடங்கு போயிருக்கு. மனுஷன் பகல்ல தூங்கி விழறாரா?"

விழுந்தார். வயது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டும் வேணாம். கேளு. ஜலதோஷம் வந்தா தொண்டை உள்ள ரணமாயிடும். கிருமி போனாலும் அந்த எரிச்சல் போக ரெண்டு, மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் பேசினா இருமல், சிரிச்சா இருமல், குளுந்த காத்து பட்டா இருமல். வெளிய வர ஒண்ணும் இருக்காது. ஆனா இரும இரும இன்னும் ரணம். புரியுதா? உங்கப்பாவுக்கு வாசிக்கறதே தொழில். தானே சொறிஞ்சு சொறிஞ்சு புண்ண வளத்த கதைதான்."

"என்ன செய்யலாம்?"

"வெதுவெதுன்னு தண்ணி, அடிக்கடி, வாய் வாயா. படுக்கப் போறப்ப ஒரு ஸ்பூன் தேன். சர்க்கரை வியாதி இல்லையே? சரி. தலையணை ஒண்ணு கூட வெச்சுப் படுக்கச் சொல்லு. மூக்குலேர்ந்து தொண்டையில எறங்கறது கொறையும். காஞ்ச ரூம்ல உக்கார வேணாம். கனைக்கக் கூடாது. கனைக்கத் தோணினா ஒரு வாய் தண்ணி முழுங்கணும். கிசுகிசுன்னு பேசறதும் பேச்சுதான், அதுவும் வேணாம்."

காய்ந்த அறை. மகளுக்குச் சுருக்கென்றது.

"அக்கா, ஜலதோஷத்துக்கு முன்னாடியே இருமியிருக்காரு. ஒம்பது வாரமா."

அக்காவின் கை பாட்டிலோடு நின்றுவிட்டது.

"அப்ப நான் இப்ப சொன்னதெல்லாம் பாதிதான். மூணு வாரத்துக்கு மேல போனா அது ஜலதோஷக் கணக்குல வராது. வேற என்ன மாத்திரை சாப்பிடறாரு?"

"ஒண்ணும் இல்லையே."

அக்கா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "வீட்டுக்குப் போய் அவர்கிட்டயே கேளு. கேட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க. இன்னைக்கே."

அக்காவுக்குத் தெரியும் என்று மகளுக்குப் புரிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

வீட்டில் அம்மா பழைய இருமலைப் பற்றி ஏற்கெனவே கேட்டு முடித்துப் பதில் வராமல் உட்கார்ந்திருந்தாள். மகள் நேரே அப்பாவிடம் போனாள்.

"என்ன மாத்திரைப்பா சாப்பிடறீங்க?"

அப்பா பென்சிலை எடுக்கவில்லை. எழுந்து பின்னறைக்குப் போனார். மைக் பெட்டியோடு திரும்பி வந்தார். அந்தப் பெட்டியை வேறு யாரும் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அடியில் ஒரு மாத்திரை அட்டையும் மடித்து வைத்த டாக்டர் சீட்டும் இருந்தன.

ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. பத்து வாரமாக.

அம்மா அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். "மைக் கூடவே பத்திரமா வெச்சிருக்கீங்க. நானும் அந்தப் பெட்டிக்குள்ள உக்காந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பீங்க போல."

'சொன்னால் என்னை நோயாளி ஆக்கிவிடுவாய். நூலகத்துக்குத் தெரிந்தால் இயந்திரம் வந்துவிடும்.'

"இப்ப மட்டும் என்ன ஆயிட்டீங்க?" என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிற்பகல் மகள்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா வரமாட்டேன் என்று தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். துணியே போடாமல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தது வாசல்வரை கேட்டது.

டாக்டருக்கே ஜலதோஷம். முகக் கவசத்துக்குள் இருமிக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். அப்பா மடியில் வைத்திருந்த தாளில் எழுதி மகளிடம் மட்டும் காட்டினார்.

'முதலில் இவருக்கு மருந்து கொடுக்கச் சொல்.'

"சும்மா இருங்கப்பா."

டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். தொண்டைக்குள் விளக்கு அடித்தார். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இத எத்தனை நாளா சாப்பிடறார்?"

"பத்து வாரமா."

"இருமல்?"

"ஒம்பது வாரம். எங்கிட்ட தேதியோட இருக்கு" என்றாள் மகள். குப்பைக் கோப்பைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் ஆச்சரியப்பட்டார். இத்தனை சரியாக இருமலுக்குக் கணக்கு வைத்திருக்கிற நோயாளியை நான் பார்த்ததில்லை என்றார். அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பொருந்துது. இந்த வகை மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமலக் கொண்டு வரும். மேல ஜலதோஷமும் சேந்ததால எது எதுன்னு தெரியாமப் போச்சு. சளில ரத்தம் வந்துதா?"

அப்பா தலையை ஆட்டினார். இல்லை.

"மூச்சு வாங்குதா? எடை கொறைஞ்சுதா?"

இல்லை. இல்லை.

"மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருமல் இருந்துதா?"

அப்பா தலையை ஆட்டத் தொடங்குவதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "இல்ல டாக்டர். தினமும் இவர் குரலக் கேக்கறவ நான். இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

டாக்டர் எழுதினார். "மாத்திரைய மாத்தித் தர்றேன். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. மாத்தின உடனே இருமல் நிக்காது. சில வாரம் ஆகலாம். ஒரு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் இருந்தா நெஞ்சுப் படம் எடுத்துப் பாக்கலாம். மூணு நாள் குரலுக்கு ஓய்வு."

வெளியே வந்ததும் அப்பா மருத்துவமனைச் சுவரில் தாளை வைத்து எழுதினார்.

'படம் வேண்டாம் என்றுவிட்டார்.'

"வேண்டாம்னு சொல்லல. ஒரு மாசம் கழிச்சுன்னு சொன்னாரு."

'அதேதான்.'

சாயங்காலம் வீடு லேசாகிவிட்டது. மகள் நூலகத்துக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். அங்கிருந்தவர், சட்டம் படிக்கிறவர்களின் தேர்வுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் குரலைக் கேட்டுப் படித்தவர்களுக்கு இயந்திரம் பிடிப்பதில்லை என்றார். கடிதம் எல்லோருக்கும் போகிற கடிதமாம்.

ஒரு போனில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதற்காக ஒரு ஹெட்போன் போனது.

அம்மா தேன் பாட்டிலை எடுத்து வைத்தாள். கூடுதல் தலையணைக்கு உறை மாட்டினாள். பிறகு அப்பாவின் பேண்ட்டை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள்.

"என் கையால சாப்பிட்டது உடம்புல ஒட்டலையா உங்களுக்கு? இந்த வருஷத்துல இடுப்பப் புடிச்சுத் தைக்கறது இது ரெண்டாவது தடவை. இப்படியே போனா உங்க பேண்ட்ட பாப்பா போட்டுக்கலாம்."

'பாப்பாவுக்குப் பத்தாது' என்று எழுதிக் காட்டினார் அப்பா. அம்மா சிரித்தாள்.

பின்னறையில் மகளும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது.

எடை குறைந்ததா என்று டாக்டர் கேட்டார். அப்பா இல்லை என்று தலையாட்டினார்.

மெலிவது வயதால் இருக்கலாம். கவலையாலும் இருக்கலாம். மாத்திரைக்கு முன்னால் அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டுவிட்டால் மனசு அடங்கிவிடும் என்று நினைத்தாள். இருமல் இல்லாத அப்பாவைக் கேட்க வேண்டும் போலிருந்தது. இதற்கு முன் முடித்த புத்தகம் தோட்டக்கலை. பதினாறு வாரத்துக்கு முன் ஆரம்பித்து, மாத்திரை தொடங்குவதற்கு முன்பே முடிந்தது. அதன் குப்பையைத் திறந்தாள்.

முதல் இரண்டு பாடத்தில் இருமல் இல்லை. மூச்சு, நாற்காலி, லாரி. அவளுக்கு உயிர் வந்தது.

மூன்றாம் பாடம். ரோஜாச் செடிக்கு எரு வைப்பது பற்றிய வரி. அதன் நடுவில் அப்பா இருமினார். சின்ன, வறண்ட, ஒற்றை இருமல்.

அவள் தேதியைப் பார்த்தாள். பதினாலு வாரம். மாத்திரைக்கு நாலு வாரம் முன்பு.

அடுத்த துண்டும் இருமல். அதற்கடுத்ததும்.

இல்ல டாக்டர். இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவள் சொன்னதுதான். டாக்டர் கடைசியாகக் கேட்ட கேள்வி அது. அதை வைத்துத்தான் படத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டார்.

கூடத்தில் அம்மா இன்னும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மகளுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. நாளைக்குச் சொல்லலாம், நான் வெட்டிக்கறேன், இரண்டும் ஒரே ஜாதிப் பேச்சு என்று பட்டது. எழுந்து பின்னறைக் கதவை முழுதாகத் திறந்து வைத்தாள். ஸ்பீக்கரைக் கூடத்தின் பக்கம் திருப்பி ஓட்டினாள்.

அப்பாவின் இருமல் கூடத்துக்குள் போனது.

"மறுபடி எதுக்குடி அத?" என்றாள் அம்மா. "அதான் மாத்திரைன்னு தெரிஞ்சுபோச்சே."

"இது மாத்திரை இல்லம்மா. இது தோட்டப் புத்தகம். மாத்திரைக்கு நாலு வாரம் முன்னாடி."

அம்மாவின் ஊசி நின்றது. மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் திடுக்கிடுவார், பென்சிலை எடுத்துத் தூசி என்று எழுதுவார் என்று எதிர்பார்த்தாள்.

அப்பா ஆச்சரியப்படவில்லை.

மகள் ஸ்பீக்கரை நிறுத்தினாள். "நாளைக்குக் காலைல படம் எடுக்கப் போறோம். மூணாம் பாடத்துலேர்ந்து இருமல் இருக்கு. முதல் ரெண்டு பாடத்துல இல்ல. அப்ப அன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு, இல்லையாப்பா?"

அப்பா தாளை இழுத்தார். எழுதினார். நிறுத்தினார். இன்னொரு வரி எழுதினார். மகளிடம் நீட்டாமல் அம்மாவிடம் நீட்டினார். அம்மா படித்துவிட்டு மகளிடம் கொடுத்தாள்.

'அதற்கு முன்னால் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு இருமுவேன். அன்றைக்குத்தான் நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னாய்.'

சிவப்புப் பட்டன். காலையில் அவள் தூசி துடைத்த பட்டன்.

துண்டு துண்டாக வந்த பதிவுகள் அவள் நினைவில் வரிசைகட்டி நின்றன. தோட்டப் புத்தகத்துக்கு முன்னால் கணக்குப் புத்தகம். அதுவும் துண்டு துண்டாகத்தான் வந்தது. அதற்கு முன்னால்? ஒட்டி ஒட்டிக் கண் பூத்தது எந்தப் புத்தகத்திலிருந்து? அந்தத் துண்டுகளுக்கு நடுவே இருந்தவை எந்தக் குப்பையிலும் இல்லை.

அம்மா பேண்ட்டின் இடுப்பில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். கடைசி ஊசியையும் போட்டு மூடியைத் திருகிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எத்தனை புஸ்தகமா?"

அப்பா பென்சிலைத் தேடவில்லை. இடது கையைத் தூக்கினார். ஒரு விரலை நிமிர்த்தினார். இரண்டாவது விரல். மூன்றாவது விரல் நிமிரும்போது இருமல் வந்துவிட்டது. விரித்த விரல்களை மடக்கி அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

இருவரும் அந்தக் கை கீழே இறங்கக் காத்திருந்தார்கள். இருமல் நிற்கவில்லை.